‘ஏலாது’ என்று சொல்லப் பழகுங்கள்

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "ஏலுமோ?" இத்தனை வருசத்தில் எனக்குக் கிடைத்த மறுமொழியும் ஒன்றுதான்: "ஏலும் சேர்." கணுக்கால் வீங்கி, பூட்ஸுக்குள் கால் போகாமல் நிற்கிற பிள்ளையும் அதைத்தான் சொல்லும். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழும்பி வந்த பிள்ளையும் அதைத்தான் சொல்லும்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஏலாது என்று குந்தியிருந்தால் 2009இல் போர் முடிந்த பிறகு இந்த வன்னியில் ஒரு கூரையும் ஏறியிருக்காது. பற்றை மூடிக்கிடந்த காணி திரும்ப வயலாகியிருக்காது. உங்கள் அம்மா அப்பாவை நிமிர்த்தி வைத்த சொல் அது. ஆனால் மைதானத்தில் அதே சொல் எத்தனையோ கெட்டிக்காரரைக் கவிழ்த்துப்போட்டதை நான் கண்டிருக்கிறேன். அதில் முதல் ஆள் நான்.

கீழே எழுதியிருப்பது எல்லோருக்கும் பொது. என்றாலும் உங்களில் ஒரு சிலருக்குக் கூடுதலாகப் பொருந்தும். முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் நின்று, கூட்டத்துக்குள் பந்தை வாங்கி, ஒரு திரும்பலில் ஆட்டத்தையே மாற்றிவிடுகிற பிள்ளைகள் இருக்கிறீர்களே, அந்தப் பத்தாம் இலக்கக்காரருக்கு. எல்லாரையும் விட அடி வாங்குவது நீங்கள். உங்களுடைய முழங்கால்தான் அதிகம் முறுகுகிறது. ஓர் அணிக்குப் பதினொரு பேர் என்பதால் பதினொரு விடயம் சொல்கிறேன்.

1. கெட்டித்தனம் காலைக் காப்பாற்றாது

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையில் இரவிபுத்தன்துறை என்றொரு மீனவக் கிராமம். மைக்கேல் சூசைராஜ் 1994இல் பிறந்த, அந்த ஊர்ப் பிள்ளை. சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக்கில் ஆடியபோதே தாக்கி ஆடும் மத்தியகள வீரர் என்று பெயர் எடுத்தார். 2018–19 பருவத்தில் ஜம்ஷெட்பூர் அணியோடு இந்தியன் சூப்பர் லீக்குக்குப் போனார். 2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கிண்ணத்தில், கியூராசோ அணிக்கு எதிராக இந்தியாவின் ஜேசியை முதன்முறையாக அணிந்தார். அடுத்து கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி. அங்கே பயிற்றுவிப்பாளர் ஹபாஸ் அவரை இடது ஓரத்துக்கு நகர்த்தி, முன்னும் பின்னும் ஓட விட்டார். அதற்கும் அவர் பழகிக்கொண்டார். 2020 மார்ச் 14 அன்று அந்த அணி சென்னையின் எஃப்.சி. அணியை 3–1 என்று வென்று சம்பியன் ஆனது.

எட்டு மாதம் கழித்து, 2020 நவம்பர் 20. கொரோனாக் காலம் என்பதால் கோவாவின் பம்போலிம் மைதானத்தில் பார்வையாளர் ஒருவரும் இல்லை. புதிய பருவத்தின் முதல் போட்டி, கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக. முதல் கால்மணி நேரம் முடிவதற்குள் சூசைராஜ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். உள்ளே சவ்வு அறுந்திருந்தது. அந்தப் பருவம் அவருக்கு அந்தச் சில நிமிடங்களோடு முடிந்தது. அப்போது வயது 26. ஓர் ஆட்டக்காரனுக்கு உடம்பும் மூளையும் ஒன்றாகச் சேர்ந்து வருகிற வயது அது. பிறகு அவர் திரும்பி வந்தார். ஒடிஷா அணிக்கும் போனார். ஆனால் அந்த வயதில் போன காலம் போனதுதான்.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. அவருக்குப் புல்தரை இருந்தது, கூப்பிடு தூரத்தில் வைத்தியர் இருந்தார், சம்பளம் தந்த கழகம் இருந்தது. அப்படியிருந்தும் நடந்தது. எங்கள் மைதானத்தில் ஐஸ் கட்டி வேண்டுமென்றால் சந்திக் கடைக்குச் சைக்கிளில் ஆள் போகவேண்டும். அப்படியானால் நாங்கள் எத்தனை மடங்கு கவனமாக இருக்கவேண்டும் என்று கணக்குப் பாருங்கள்.

2. நோ என்பது சிவப்புத் தடி

மீள்குடியேறி வந்த காலத்தில் நீங்கள் சின்னப் பிள்ளைகள். சிலர் பிறக்கவேயில்லை. அப்போது நாங்கள் பந்தடித்த வெளிகளின் ஓரத்தில் சிவப்பு நுனியுள்ள தடிகள் வரிசையாக நட்டிருக்கும். பக்கத்தில் மண்டையோடு கீறிய பலகை தொங்கும். இந்தப் பக்கம் மிதிவெடி எடுத்த நிலம், அந்தப் பக்கம் எடுக்காத நிலம். புதுப் பந்து ஒன்று தடியைத் தாண்டி உருண்டு போய் பத்துப் பதினைந்து அடியில் கிடந்தது. கண்ணுக்கு முன்னால்தான் கிடந்தது. யாரும் போகவில்லை. "ஏலும், நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன்" என்று ஒருவரும் வீரம் பேசவில்லை. மிதிவெடி எடுக்கிற பிள்ளைகள் சாண் சாணாக முழங்காலில் நகர்ந்து அந்த இடத்துக்கு வரும்வரை பந்து அங்கேயே கிடந்து வெளிறியது.

உடம்பும் தடி நடும். முழங்காலுக்குள் கூர்மையான நோ, திரும்பும்போது கால் நழுவிப் போகிற உணர்வு, காலை மடக்கினால் இறுகி நிற்பது, ஆட்டம் முடிந்து ஓரிரு மணி நேரத்துக்குள் ஏறுகிற வீக்கம், இவை எல்லாமே சிவப்புத் தடிதான். ‘டக்’ என்று உள்ளே சத்தம் கேட்டு உடனே வீங்கினால், அன்றைய ஆட்டம் முடிந்தது. பந்து எவ்வளவு கிட்டக் கிடந்தாலும் அங்கால் போகக்கூடாது.

எல்லா நோவும் தடியல்ல. புதுப் பயிற்சிக்கு மறுநாள் இரண்டு தொடையும் ஒரே மாதிரிக் குத்துவது உழைப்பின் நோ. அது இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஒரு காலில், ஒரு மூட்டில், ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டக்கூடியதாக வருவதுதான் சேதத்தின் நோ. இந்த இரண்டையும் பிரித்தறிவது, பந்தை நெஞ்சில் வாங்கி இறக்குவதைப் போல ஒரு பயிற்சி.

3. நோ போனது வேறு, காயம் ஆறினது வேறு

1985 மே மாதம், இத்தாலியில், 18 வயதுப் பையன் ஒருவனுக்கு முழங்கால் சவ்வு அறுந்தது. விசென்சா அணிக்கு ஆடிக்கொண்டிருந்தான். பெரிய கழகமான பியோரென்ரீனா அவனை வாங்குவதாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தது. கால் போனதும் அவர்கள் கைவிட்டிருக்கலாம். விடவில்லை. சத்திரசிகிச்சைக்குப் பிறகும் வைத்துக்கொண்டார்கள், காத்திருந்தார்கள். அவன் பெயர் ரொபேர்த்தோ பாஜியோ. 1993இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பொற்பந்து அவருக்குக் கிடைத்தது.

அதே 1985இல்தான் என்னுடைய முழங்காலும் போனது. எனக்கு 19 வயது. கோயில் திருவிழாவை ஒட்டி நடந்த சுற்றுப்போட்டியில் அரையிறுதி. யாரும் என்னில் முட்டவில்லை. பந்தோடு திரும்பினேன், பாதம் மண்ணில் நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. இரவு புக்கை கட்டினார்கள். மறுநாள் இறுதி. பெயர் வேண்டாம், அணியை நடத்தியவர் ஊசி போட ஆள் கொண்டுவந்தார். நோ பறந்துவிட்டது. "ஏலுமோடா?" என்றார். "ஏலும் அண்ணை" என்றேன். இடைவேளைக்கு முன்னரே திரும்ப விழுந்தேன். மிச்சமிருந்ததும் அன்றைக்குப் போனது.

அவரைக் குறைசொல்லி நான் இத்தனை வருசம் ஓட்டினேன். ஆனால் ‘ஏலும்’ என்று சொன்ன வாய் என்னுடையது.

இப்போது விடயத்துக்கு வாருங்கள். அறுந்த சவ்வைத் தைத்து ஒட்டுவதில்லை. பெரும்பாலும் பின்தொடையில் இருந்தோ முழங்கால் சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து அந்த இடத்தில் பொருத்துவார்கள். அந்த நார் உடனே சவ்வாகிவிடாது. முதல் சில மாதம் அது மெலிந்து, பிறகுதான் மெல்ல மெல்ல உரம்பெறும். ஆனால் நோவும் வீக்கமும் அதற்கு முன்னமே போய்விடும். அதுதான் பொறி. மூன்றாம் மாதம் சைக்கிள் ஓடலாம், நான்காம் மாதம் நேராக ஓடலாம், உங்களுக்கு எல்லாம் சரிவந்த மாதிரி இருக்கும். உள்ளே நார் இன்னும் பச்சை.

நோர்வேயில் செய்த ஓர் ஆய்வு கண்டது இதுதான்: சத்திரசிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதம் வரை, மைதானத்துக்குத் திரும்புவதைத் தள்ளிவைக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும், திரும்பக் காயப்படும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. ஆகவே ஒன்பது மாதம் என்பது பயந்தாங்கொள்ளியின் கணக்கல்ல. நாட்கணக்கு மட்டும் போதாது, அளந்தும் பாருங்கள். நல்ல காலில் ஒற்றைக்காலாகப் பாய்ந்தால் 150 சென்ரிமீற்றர் போகிறதென்றால், காயப்பட்ட கால் குறைந்தது 135 போகவேண்டும். பத்தில் ஒன்பது பங்கு வராதவரை வெளியில் நில்லுங்கள்.

4. பந்து வரமுன் தலையைத் திருப்புங்கள்

அடி வாங்காத ஆட்டக்காரன் இல்லை. ஆனால் வேண்டாத அடி என்று ஒன்று உண்டு. எங்கள் பிள்ளைகளில் கெட்டிக்காரர் பந்து காலுக்கு வந்தபிறகுதான் நிமிர்ந்து பார்ப்பார்கள். அதற்குள் பின்னால் ஆள் வந்துவிடும். பந்து வந்துகொண்டிருக்கும்போதே இடது தோளுக்கு மேலால் ஒருதரம், வலது தோளுக்கு மேலால் ஒருதரம் பாருங்கள். உடம்பைப் பாதி திருப்பி வைத்து வாங்குங்கள். அப்போது முழங்காலை முறுக்கித் திரும்பவேண்டிய தேவையே பாதி குறையும்.

எங்கள் பாதிக்குள் இரண்டு தொடுகைக்கு மேல் வேண்டாம். ஆளை வெட்டி எடுக்கிற வேலையை எதிரணிக் கோலுக்குக் கிட்ட வைத்துக்கொள்ளுங்கள். அங்கே விழுந்தாலும் தண்டனை உதையாவது கிடைக்கும். 5–0 என்று வெல்லும் ஆட்டத்தில், ஓரத்தில் நிற்கிறவர்கள் கத்துகிறார்கள் என்பதற்காக நாலாவது ஆளையும் வெட்டப் போகாதீர்கள். அவமானப்பட்ட எதிராளியின் கால் பந்தைத் தேடி வராது. கால்காப்பு இல்லாமல் பயிற்சிக்கும் இறங்கவேண்டாம்.

5. முதல் இருபது நிமிடம் பந்துக்கு அல்ல

பந்தைக் கண்டவுடன் கோலுக்கு உதைக்கத் தொடங்குவதுதான் எங்கள் ஊர்ச் சூடேற்றல். அதை விடுங்கள். ஃபிஃபா ‘11+’ என்றொரு பயிற்சி முறையை உருவாக்கி இலவசமாகவே தந்திருக்கிறது. மொத்தம் ஏறத்தாழ 20 நிமிடம், மூன்று பகுதி. முதலில் எட்டு நிமிடம் மெதுவான ஓட்டம். பிறகு பத்து நிமிடம் வயிறு, தொடை, ஒற்றைக்கால் சமநிலை, பாய்ந்து இறங்குதல். கடைசியில் இரண்டு நிமிடம் வேகமாக ஓடித் திசைமாறுதல். நோர்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகள் ஏறக்குறைய 1,900 பேரிடம் இதைச் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். பயிற்சி செய்த அணிகளில் காயங்கள் மூன்றிலொரு பங்கு அளவில் குறைந்தன, கடுமையான காயங்கள் பாதியளவில் குறைந்தன.

இதற்குக் காசு வேண்டாம், உபகரணம் வேண்டாம். அதில் ஒன்றை இப்போதே சொல்கிறேன். முழங்காலில் நில்லுங்கள். கூட்டாளி உங்கள் கணுக்காலை அமத்திப் பிடிக்கட்டும். முதுகை வளைக்காமல், மரம் சரிகிற மாதிரி மெல்ல முன்னால் சரியுங்கள், ஏலுமானமட்டும் பின்தொடையால் தாங்குங்கள், கடைசியில் கையை ஊன்றுங்கள். முதல் வாரம் ஐந்து தரம் போதும். இதைத் தொடர்ந்து செய்யும் அணிகளில் பின்தொடைத் தசைக் காயம் பாதியாகக் குறைந்திருக்கிறது. ஓட்டத்தில் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களை ஒவ்வொரு சுற்றுப்போட்டியிலும் காண்கிறோம். அநேகமான ஆட்களுக்கு வேண்டியிருந்தது இந்த ஐந்து சரிவுதான்.

6. இறங்கமுன் மைதானத்தை நடந்து பாருங்கள்

அரிவு வெட்டு முடிந்த வயலில் ஆடுகிறோம். கோயில் வெளியில் ஆடுகிறோம். மாரியில் மாடு மிதித்த குளம்படி, கோடையில் சீமெந்து மாதிரி இறுகிவிடும். அந்தக் குழிக்குள் கணுக்கால் போனால் எந்தக் கெட்டித்தனமும் உதவாது. அரை மணித்தியாலம் முந்தி வந்து, வரிசையாகக் கைகோத்த மாதிரி நின்று, கரையிலிருந்து கரைக்கு நடவுங்கள். கல், போத்தல் ஓடு, முள்ளு எல்லாவற்றையும் பொறுக்குங்கள், குழியை மூடுங்கள். இறுகிய தரையில் நீளக் குமிழ் பூட்ஸ் போடவேண்டாம். பாதம் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்க முழங்கால் மட்டும் திரும்பும். எனக்கு நடந்ததும் அதுதான்.

7. ஆடின நிமிடத்தைக் கொப்பியில் எழுதுங்கள்

பள்ளிக்கூட அணிக்கு நீங்கள். கழகத்துக்கு நீங்கள். அயல் ஊர்க் கழகம் சுற்றுப்போட்டிக்கு ஆள் கேட்டால் இரவலுக்கும் நீங்கள். எழுவர் சுற்றுப்போட்டி என்றால் ஒரே நாளில் மூன்று ஆட்டம், பின்னேரம் தொடங்கி மின்னொளியில் நடுச்சாமம் வரை. அடுத்த நாள் விடிய அப்பாவோடு வயலுக்கு. களைத்த தசை மூட்டைப் பிடித்து வைத்திருக்காது. அநேகமான பெருங்காயங்கள் யாரும் முட்டாமலே வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேல்ஸில் பிறந்து, இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி கழகத்தின் முதன்மை அணியில் 2024இல் இறங்கிய விமல் யோகநாதனைப் பற்றி நீங்கள் எல்லோரும் ஃபோனில் பார்த்திருப்பீர்கள். இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை, உங்கள் மாதிரி மத்தியகளக்காரர். அந்த நாட்டுக் கழகங்களில் ஒரு பிள்ளை எத்தனை நிமிடம் ஓடியது, எத்தனை நாள் ஓய்ந்தது என்று எண்ணுவதற்கே சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு அந்த ஆள் நீங்கள்தான். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் மூன்று விடயம்: எத்தனை நிமிடம் ஆடினேன், எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டேன், எங்கே நோகுது. போன கிழமையை விட இந்தக் கிழமை நிமிடம் திடீரென்று இரட்டித்தால் யாருக்காவது ‘வரமாட்டன்’ என்று சொல்லவேண்டும்.

வளருகிற வயதில், பத்துக்கும் பதினைந்துக்கும் இடையில், முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு புடைப்பு நோகத் தொடங்கினால் வைத்தியரிடம் காட்டுங்கள். எலும்பு வளரும் இடத்தில் இழுவை கூடினதால் அநேகமாக வருவது அது. ஆட்டத்தைக் குறைத்தால் காலப்போக்கில் தானாக அடங்கும். பிடித்து உருவினால் அடங்காது.

8. ஊசி, குளிசை, புக்கை

காயப்பட்ட முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் பூசி உருவக்கூடாது, சுடுதண்ணி ஒத்தடம் கூடாது. உள்ளே இரத்தம் கசிவது கூடும். துணிக்குள் ஐஸைச் சுற்றி ஒருதரத்துக்கு 15 நிமிடம் வையுங்கள், துணியால் இறுக்கிச் சுற்றுங்கள், காலை உயர்த்தி வையுங்கள். முறிவு நெரிவு பார்க்கும் நாட்டு வைத்தியரை நான் பழித்துப் பேசமாட்டேன். ஆஸ்பத்திரி இல்லாத காலத்தில் இந்தச் சனத்தின் எலும்பை அவர்கள்தான் பொருத்தினார்கள். ஆனால் முதலில் எக்ஸ்ரே. காலை ஊன்ற ஏலாவிட்டால் அன்றைக்கே மாவட்ட வைத்தியசாலைக்கு. முழங்கால் விடயம் என்றால் எலும்பு கிளினிக்கில் காட்டி, எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். தூரத்துக்கு அனுப்பினால் போங்கள். கிளினிக் கொப்பியைத் துலைக்காதீர்கள். இயன்மருத்துவர் சொல்லித்தரும் பயிற்சியை அவர் முன்னால் மட்டுமல்ல, வீட்டு முற்றத்திலும் செய்யுங்கள்.

குளிசையைப் பற்றி ஒன்று. ஆட்டத்துக்கு முன் டைக்ளோபினாக் போட்டுக்கொண்டு இறங்குகிற பழக்கம் எங்கள் மைதானங்களில் இருக்கிறது. நோவை மறைத்தால் சிவப்புத் தடியைப் பிடுங்கி எறிந்ததற்குச் சமம். இன்னொன்றும் இருக்கிறது. வன்னி வெய்யிலில் தண்ணீர் வற்றிய உடம்புக்குள் அந்த வகைக் குளிசை போனால் சிறுநீரகத்தில் கைவைக்கும். வவுனியாப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோயால் எத்தனை குடும்பங்கள் கிழமைக்குக் கிழமை ஆஸ்பத்திரிக்கு அலைகின்றன என்று உங்களுக்குத் தெரியும். வைத்தியர் எழுதாமல் ஒரு குளிசையும் வேண்டாம். தண்ணிப் போத்தல் இல்லாமல் பயிற்சிக்கும் வரவேண்டாம்.

9. தங்கச்சிமாருக்கு

பெண் பிள்ளைகளின் முழங்கால் சவ்வு அறுவது ஆண் பிள்ளைகளை விட இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நீங்கள் பலவீனம் என்பது அதன் பொருளல்ல. இடுப்பின் அமைப்பு, தசை வளரும் விதம் என்று பல காரணம் சொல்கிறார்கள். இன்னொன்றும் உண்டு, உங்களுக்குச் சின்ன வயதிலேயே பாயவும் விழவும் யாரும் விடவில்லை. பாய்ந்து இறங்கும்போது முழங்கால் உள்ளுக்கு மடியாமல், பெருவிரல் திசையில் போகவேண்டும். வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகுங்கள்.

ஸ்பெயினின் அலெக்ஸியா புட்டெயாஸ், தாக்கி ஆடும் மத்தியகளக்காரி. 2021இல் பொற்பந்து வென்றவர். 2022 ஜூலை 5, ஐரோப்பியக் கிண்ணம் தொடங்க ஒரு நாள் இருக்க, பயிற்சியில் சவ்வு அறுந்தது. அவருடைய அணி அவர் இல்லாமல் ஆடியது. அவர் அவசரப்படவில்லை. திரும்ப மைதானத்தில் கால் வைத்தது 2023 ஏப்ரல் 30, ஏறக்குறைய பத்து மாதம். அந்த ஓகஸ்டில் உலகக் கிண்ணம் வென்ற அணியில் அவரும் இருந்தார். அவர் மைதானத்தில் இல்லாத காலத்தில்தான் இரண்டாவது பொற்பந்தும் அவரைத் தேடி வந்தது. ஒரு வருசம் போனால் எல்லாம் போய்விடும், கலியாணம் பேசிவிடுவார்கள் என்று பயந்து அரைகுறைக் காலோடு ஓடி வருகிற தங்கச்சிமார் இதை இரண்டுதரம் வாசியுங்கள்.

10. மனதுக்கும் கட்டுப் போடவேண்டும்

ஜேர்மனியில் செபஸ்டியன் டைஸ்லர் என்று ஒருவர். 1980இல் பிறந்தவர். தங்கள் நாட்டு உதைபந்தாட்டத்தைத் தூக்கி நிறுத்தப்போகிறவர் என்று இருபது வயதிலேயே அவர் தோளில் பாரத்தை ஏற்றினார்கள். முழங்கால் திரும்பத் திரும்பப் போனது. 2002 உலகக் கிண்ணத்தையும் அதனால் இழந்தார். பிறகு மனச்சோர்வு. அதற்கு வைத்தியம் பார்த்தார், அதை மறைக்கவும் இல்லை. 2007 ஜனவரியில், 27 வயதில், போதும் என்று விலகிவிட்டார். அதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். தன் உயிருக்கு எது நல்லது என்று அவர் ‘ஏலாது’ சொன்னார்.

மறுபக்கத்தில் ஸ்பெயின் ஆட்டக்காரர் சாந்தி கசோர்லா. 2016 ஒக்ரோபரில் ஆர்சனலுக்கு ஆடும்போது காயத்தோடு வெளியேறினார். குதிகால் நாணில் கிருமி புகுந்து சில சென்ரிமீற்றரை அரித்துவிட்டது. பல சத்திரசிகிச்சை. மகள் பெயரைப் பச்சை குத்தியிருந்த கைத்தோலை வெட்டிக் காலில் ஒட்டினார்கள். திரும்ப நடந்தாலே பெரிது என்றார்கள் வைத்தியர்கள். 2018இல் ஸ்பெயினில் திரும்பவும் ஆடினார், நாட்டு அணிக்கும் அழைக்கப்பட்டார். நாற்பதை எட்டிய வயதில் தான் வளர்ந்த ஒவியேதோ அணியை 2025இல் முதற்பிரிவுக்குக் கொண்டுபோகும் வரை நின்றார்.

இரண்டு பேரும் சரி. உங்களுக்கு எது சரி என்று தெரிய, காயப்பட்ட காலத்தில் தனியே கிடக்காதீர்கள். மைதானத்துக்கு வாருங்கள், புள்ளி எழுதுங்கள், சின்னப் பிள்ளைகளுக்குப் பந்து பொறுக்குங்கள், நடுவர் பரீட்சைக்குப் படியுங்கள். நித்திரை வராமல், சாப்பாடு இறங்காமல், வாழ்ந்து என்ன என்று தோன்றினால் யாரிடமாவது சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் அதற்கும் வைத்தியர் இருக்கிறார். இந்த மண்ணில் காலை முழுதாக இழந்தவர்கள் செயற்கைக் கால் பூட்டிக்கொண்டு வயல் செய்கிறார்கள், கடை நடத்துகிறார்கள், எங்கள் ஆட்டத்தைப் பார்க்கவும் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "கால் போனதை விட, போன பிறகு ஒருத்தரும் என்னை வேலைக்குக் கூப்பிடாமல் விட்டதுதான் மாஸ்டர் நொந்தது." காயப்பட்ட கூட்டாளியை வேலைக்குக் கூப்பிடுங்கள்.

11. ‘ஏலாது’

அண்மையில் ஓர் இறுதிப்போட்டி. எங்கள் பத்தாம் இலக்கக்காரன் சூடேற்றல் முடித்து என்னிடம் வந்தான். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "சேர், இண்டைக்கு ஏலாது." எங்கே என்று கேட்டேன். முழங்காலின் உள்பக்கம் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான். ஒரு விரல், ஓர் இடம். சுற்றி நின்றவர்கள் முகம் கறுத்தது. ஒருவர் என் காதருகே வந்து, ஒரு பாதியாவது இறக்குவோம் மாஸ்டர் என்றார். எனக்குள்ளும் அதே எண்ணம் ஒரு கணம் எட்டிப் பார்த்தது என்பதை மறைக்கமாட்டேன். நாற்பது வருசத்துக்கு முன் ஊசியோடு வந்தவரை நான் அந்தக் கணத்தில்தான் விளங்கிக்கொண்டேன். அவர் கெட்டவர் அல்ல, கிண்ணத்தைக் கண்டவர்.

பையனை வாங்கில் இருத்தினேன். 2–0 என்று தோற்றோம். கிளினிக்கில் சவ்வு அறவில்லை, இழுபட்டிருக்கிறது, ஆறு கிழமை என்றார்கள். ஐந்தாம் கிழமையில் இருந்து தினமும் வந்து "சேர், இப்ப ஏலும்" என்று அரியண்டம் தருகிறான். அவன் ‘ஏலும்’ என்பதை நான் இப்போது நம்புகிறேன். ‘ஏலாது’ என்று சொல்லத் தெரிந்தவன் வாயில் இருந்து வருகிறபடியால். இருந்தாலும் அளவுநாடாவை எடுத்து, ஒற்றைக்காலில் பாய் என்றேன். இன்னும் எட்டுச் சென்ரிமீற்றர் குறைவு. வாங்குக்குத் திரும்பிப் போனான்.

நாளைக்கு விடிய ஐந்தரைக்கு வாருங்கள். தண்ணிப் போத்தலும் கொப்பியும் போதும். பந்தை நான் கொண்டுவருவேன். முதல் இருபது நிமிடம் அது பைக்குள்ளேயே இருக்கும்.